உதடு அசையாமல்

ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் இருந்த சலவைக்கூடத்தில் காதுக்கு வேலை கிடையாது. நான்கு பெரிய சலவை டிரம்களும், இரண்டு பிழியும் இயந்திரங்களும், படுக்கை விரிப்புகளைச் சூடாக நீவித் தள்ளும் நீள உருளையும் ஒன்றாக ஓடும்போது, பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்கள் பத்து நாள் திருதிருவென்று முழிப்பார்கள். பிறகு பழகிவிடும். உருளையில் நிற்கும் ரோலர் அக்கா ஒரு கல்யாண மண்டபத்தின் இந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கோடியில் நாத்தனார் தன்னைப் பற்றிச் சொன்னதை ஒரு சொல் விடாமல் படித்து, எழுந்து போய்ச் சண்டை போட்டவள்.

அழுக்குத் துணிகளைப் பிரிக்கும் மேஜையில் நின்றவளைக் கூடத்தில் எல்லோரும் சித்தி என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது. அந்த இரைச்சலிலும் காதில் ஏறும் விசிலை ஊதி மேற்பார்வை பார்க்கும் விசில்காரருக்கு ஐம்பத்தைந்து. அவரும் சித்தி என்றுதான் சொல்வார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே வந்துவிடும் அக்கா மகள் பாப்பு கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

பாப்புவுக்குப் பதினைந்து வயது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டாவது வருடம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. ஆண்டுத் தேர்வில் கணக்கிலும் அறிவியலிலும் தேறினால்தான் பத்தாம் வகுப்பு. இல்லையென்றால் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அதில் இருந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை தவறினாலும் பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று அவர்களுக்கு பயம். அதனால் ஒன்பதிலேயே வடிகட்டிவிடுவார்கள்.

வார்டில் ஆயா வேலை பார்க்கும் அக்கா அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

“அவ மண்டையில ஏறாதுடி. உன்னைக் கொண்டே பொறந்திருக்கா.”

குத்திக்காட்ட வேண்டும் என்று அக்கா சொல்லவில்லை. பாப்புவுக்கு மூக்கு சித்தியுடையது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். சித்திக்கு அது சுருக்கென்றது.

அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். சோம்பேறியாக இருந்து நிற்கவில்லை. விடியவிடியக் கத்திக் கத்திப் படித்தாள். காலையில் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்போல ஒன்றும் மிஞ்சாது. படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். எப்படி என்று சொல்ல ஒருவரும் இல்லை. மக்கு என்ற பெயரோடு வீட்டில் உட்கார்ந்தாள். பிறகு இந்தக் கூடத்துக்கு வந்தாள். வந்த பத்தாவது நாளில் எந்தக் கறைக்கு எந்த மருந்து, எத்தனை மூடி, எவ்வளவு சூடு என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. மக்குக்கு இது எப்படி வந்தது என்று ஒன்பது வருடமாக அவளுக்குள் ஒரு கேள்வி.

யோசித்துப் பார்த்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, இங்கே வந்த துணியை வந்தபடியே டிரம்மில் போடுவதில்லை. முதலில் மூன்று வண்டியாகப் பிரிப்பார்கள்: லேசான அழுக்கு, கறை, ரத்தம். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான். அவசரப்பட்டுச் சுடுதண்ணீரை ஊற்றினால் கறை நூலுக்குள் வெந்துபோய் உட்கார்ந்துகொள்ளும், ஜென்மத்துக்கும் போகாது. இரண்டாவது, கூச்ச சுபாவம் உள்ள அவள், இந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் தனக்கே சொல்லிக்கொண்டு செய்தாள். வாய் சொன்னதைக் கை கேட்டது.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பாப்புவிடம் மட்டும், நாளையிலிருந்து கணக்குப் புத்தகத்தை இங்கே எடுத்துக்கொண்டு வா என்றாள்.

முதல் வாரம் அவர்கள் ஒரு கணக்கும் போடவில்லை. புத்தகத்தைப் பிரித்தார்கள். தெரிந்த பக்கத்தை அப்படியே விடுவது, பாதி தெரிந்ததன் முனையை மடிப்பது, ஒன்றும் தெரியாத பக்கத்தில் கிழிந்த துணிநாடா ஒன்றை வைப்பது. வாரக் கடைசியில் புத்தகம் சடைசடையாக நாடா தொங்கி, பேய்க்குத் தலைபின்னியதுபோல இருந்தது. பாப்பு அதைப் பார்த்துச் சிரித்தாள்; பிறகு கண் கலங்கினாள். சித்தி கலங்கவில்லை. நாடா இருந்த பக்கங்களை எல்லாம் பார்த்தபோது, கறை ஒன்பதாம் வகுப்பில் பட்டதல்ல, ஐந்தாம் வகுப்பில் பட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின்னம். அந்த இடத்தில் பிள்ளைக்கு யாரோ சுடுதண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

“பின்னம் எடுத்த டீச்சர் அடிப்பாங்களா?”

“காதைத் திருகி, எல்லாரும் இவளைப் பாருங்கன்னு சொல்வாங்க.”

துவைத்து உலர்ந்த படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தாள் சித்தி. இரண்டாக மடித்தால் பாதி. இன்னொரு மடிப்பு, கால். மூன்றாக மடித்து அதை இரண்டாக்கினால் ஆறில் ஒன்று. கால் பங்கையும் ஆறில் ஒன்றையும் சேர்க்க வேண்டுமானால் விரிப்பைப் பன்னிரண்டாக மடிக்க வேண்டும். காலுக்கு மூன்று மடிப்பு, ஆறில் ஒன்றுக்கு இரண்டு. பாப்பு ஒரு மாலை முழுவதும் மடித்தாள். ரோலர் அக்கா எட்டிப் பார்த்து, இவளை மடிப்பு வேலைக்குச் சேர்த்துவிட்டாயா, எனக்குச் சொல்லவே இல்லையே என்று உதட்டாலேயே கேட்டுவிட்டுப் போனாள்.

மடிக்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது சித்தியின் கட்டளை. பாப்பு ஒவ்வொரு படியையும் சொல்வாள். சித்தி மேஜையின் இந்தப் பக்கம் துணி பிரித்தபடியே அவள் உதட்டைப் படிப்பாள். உதடு எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் சந்தேகம். அந்த இடத்தில் கையை உயர்த்துவாள். பாப்பு திரும்ப முந்தின படிக்குப் போவாள். திட்டு கிடையாது, பச்சைத் தண்ணீர் மட்டும்.

இரண்டு மாதத்தில் நாடாக்கள் குறைந்தன. கழற்றிய நாடாக்களைப் பாப்பு ஒன்றோடொன்று முடிந்து, தன் உயரத்துக்கு ஒரு கயிறு சேர்த்துவிட்டாள். குழாய்கள் தொட்டியை நிரப்பும் கணக்கு அவளுக்குப் பிடித்துப்போனது. கூடத்தில் ஊறவைக்கும் சிமெண்டுத் தொட்டிக்கு இரண்டு குழாய்கள் இருந்ததுதான் காரணம். ஒரு குழாய் நான்கு மணி நேரத்தில் நிரப்பினால், இன்னொன்று ஆறு மணி நேரத்தில் நிரப்பினால் என்று தொடங்குவாள். ஒரு மணியில் இது நாலில் ஒண்ணு, அது ஆறில் ஒண்ணு, சேர்த்தா பன்னிரண்டில் அஞ்சு, அப்ப பன்னிரண்டை அஞ்சால வகு என்று போய், ரெண்டு மணி இருபத்திநாலு நிமிஷம் என்று முடிப்பாள். முடிக்கும்போது உதடு குவிந்து விரிவதைப் பார்க்க சித்திக்குத் திகட்டவில்லை.

இடையில் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்தார்கள். பாப்பு நூற்றுக்கு ஒன்பது வாங்கிக்கொண்டு வந்தாள். அதே தாளைக் கூடத்தில் வைத்துப் போடச் சொன்னால் முக்கால்வாசியும் சரியாகப் போட்டாள். பயம்தான், வேறொன்றுமில்லை, போகப் போகத் தெளிந்துவிடும் என்று சித்தி நினைத்தாள். வகுப்பில் உட்கார்ந்து எப்படிப் போட்டாய் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கடைசியாகப் பரீட்சை எழுதிப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த அறைகள் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

கணக்குத் தேர்வன்று காலையில் பாப்புவின் தலையைச் சீவிவிட்டு, ஒரு புத்தியும் சொன்னாள். அங்கே யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாதே, சொன்னபடி கேள். வேறெதுவும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானம் பாப்பு கூடத்துக்கு வந்து, வெளுத்த துணிமூட்டையின் மேல் உட்கார்ந்தாள். சீருடையை மாற்றவில்லை. கையிலிருந்த கைக்குட்டை ஈரமாக இருந்தது. அழுதிருக்கிறாள் என்று சித்தி நினைத்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தபோது கைக்குட்டையில் பல் பதிந்த தடங்கள் இருந்தன.

கேட்கக் கேட்கத்தான் சொன்னாள். முதல் கேள்வியைப் படித்ததும் வழக்கம்போல உதடு அசைந்திருக்கிறது. ஹாலில் நின்ற சார் வந்து, யாருக்கு விடை சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் இல்லை என்றிருக்கிறாள். இரண்டாவது முறை எழுப்பிச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். சுவரைப் பார்த்தும் உதடு அசைந்தது. மூன்றாவது முறை, இனி அசைந்தால் தாளை வாங்கிவிடுவேன் என்றார்.

“சொன்னபடி கேளுன்னு சொன்னியே சித்தி. அதான் கர்ச்சீப்பைக் கடிச்சுக்கிட்டேன். அப்புறம் ஒண்ணுமே வரல.”

“ஒண்ணுமேவா?”

“நம்பர் மட்டும் போட்டேன். கோடு எல்லாம் நேரா போட்டிருக்கேன்.”

பிறகு, சித்தி கேட்காமலே, தொட்டிக் கணக்கு வந்திருந்தது என்றாள். மூன்று மணி நேரத்தில் நிரப்பும் குழாய், ஆறு மணி நேரத்தில் நிரப்பும் குழாய். ஒரு மணிக்கு மூணில் ஒண்ணு, ஆறில் ஒண்ணு, சேர்த்தா ஆறில் மூணு, அது பாதி, அப்ப ரெண்டு மணி. சொல்லி முடித்துவிட்டுச் சித்தியின் கை உயருகிறதா என்று பார்த்தாள். உயரவில்லை. எல்லாப் படியும் சரி.

மறுநாள் காலையில் சித்தி பாப்புவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். ஆளைப் பார்த்தாலே கூசுகிறவள், ஆசிரியர் அறை வாசலில் அரை மணி நேரம் நின்றாள். வகுப்பு டீச்சர் கெட்டவர் இல்லை. மேஜையில் விடைத்தாள் கட்டுகள் குன்றுபோல் இருந்தன. அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு உட்காரச் சொன்னார். சித்தி உட்காரவில்லை. பாப்புவை முன்னால் தள்ளி, சொல்லு என்றாள்.

பாப்பு சொன்னாள். தொட்டிக் கணக்கைச் சொன்னாள், அடுத்ததைச் சொன்னாள், அதற்கு அடுத்ததையும் தொடங்கினாள். டீச்சர் கையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இவளுக்கு இதெல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சே,” என்றார் டீச்சர். “யார் சொல்லிக் குடுத்தா?”

“நான்தான் டீச்சர்.”

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

சித்தி பாப்புவின் சடையைச் சரிசெய்தாள். டீச்சர் திரும்பக் கேட்கவில்லை. கட்டிலிருந்து பாப்புவின் தாளைத் தேடி எடுத்து விரித்துக் காட்டினார். வரிசையாக எண்கள். நேரான கோடுகள். இடையில் வெள்ளை.

“பேப்பர்ல இருக்கறதுக்குத்தாம்மா மார்க் போட முடியும். வாய்க்கு மார்க் போட எனக்கு இடமே இல்ல. அந்த சார் செஞ்சதும் தப்புன்னு சொல்ல முடியாது. அறுபது பேர் இருக்கற ஹால். ஒருத்தியைப் பேச விட்டா?”

கணக்கு போனது போனதுதான். ஆனால் டீச்சர் ஒரு வார்த்தை சொன்னார். அறிவியலில் நன்றாக எழுதிவிட்டால், தலைமையாசிரியரிடம் பேசிப் பார்க்கிறேன், கணக்குக்கு மறுதேர்வு கேட்டுப் பார்க்கலாம். உறுதியாகச் சொல்லவில்லை. மூழ்குகிறவனுக்குத் துரும்பு போதும். அறிவியலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அந்த மூன்று நாளும் சித்தி, தான் கொடுத்ததைத் தானே திரும்பப் பிடுங்கும் வேலையைச் செய்தாள். முதலில் சத்தத்தை எடுத்தாள். அது சுலபமாக இருந்தது. பிறகு உதட்டைச் சிறிதாக அசைக்கச் சொன்னாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நாக்கால் மட்டும். பிறகு நாக்கும் வேண்டாம், கால்விரலால் தரையைத் தட்டு என்றாள். இரண்டு படிவரை வந்தது. மூன்றாவது படியில் கண் மேலே சொருகியது. நான்காவதில் உதடு பிரிந்து தானாக அசையத் தொடங்கிவிட்டது. சித்தி கையை உயர்த்தினாள். திரும்ப ஆரம்பித்தார்கள். திரும்ப உயர்த்தினாள். மூன்றாம் நாள் மாலை, ஆறு மணி ஷிப்டு முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில், பாப்புவின் உதடு இருபதாவது தடவையாக அசைந்தபோது, சித்தி கையிலிருந்த ஈரத்துணியை மேஜையில் அறைந்தாள்.

“வாயை மூடித் தொலையேன்டி.”

இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. பாப்பு மட்டும் படித்தாள்.

அவள் அழவில்லை. உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் பிடித்துக்கொண்டாள். சொன்ன மறுகணமே சித்திக்குத் தெரிந்துவிட்டது. நான்கு மாதம் பார்த்துப் பார்த்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றிய கையால், கடைசி நாளில் சுடுதண்ணீரைக் கவிழ்த்தாயிற்று. மேஜையைச் சுற்றிப் போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பாப்பு மரக்கட்டைபோல நின்றாள்.

மறுநாள் அறிவியல் தேர்வு எப்படிப் போனது என்று சித்தி கேட்கவில்லை. முடிவு வந்தபோது கணக்கில் இரண்டு, அறிவியலில் பதினொன்று. நேரான கோட்டுக்கு இரண்டு மார்க் கொடுத்திருப்பார் டீச்சர் என்று அக்கா சொன்னாள். அவள் சொன்னது சிரிக்கத்தான், அவளே சிரிக்கவில்லை. சான்றிதழோடு, பள்ளிக்கு வராமல் வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறவர்களுக்கான விண்ணப்பம் ஒன்றையும் டீச்சர் வைத்து அனுப்பியிருந்தார். அக்கா அதை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள்.

ஒரு மாதம் பாப்பு வீட்டில் இருந்தாள். பிறகு அக்காவே விசில்காரரிடம் பேசினாள். அவர் பதிவேட்டில் வயது பதினெட்டு என்று எழுதிக்கொண்டார். சித்திக்கு இதை முந்தின நாள்தான் சொன்னார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, அக்காவோடு ஒரு முழு மாலை வாதாடினாள். கடைசியில் அக்கா கேட்டது ஒரே கேள்வி.

“நீதானே சொல்லிக் குடுத்த? என்ன ஆச்சு?”

மறுநாள் காலையில் சித்தி பாப்புவுக்குத் தலை சீவிவிட்டுக் கூடவே நடந்தாள்.

சலவைக்கூடத்தில் பாப்பு நான்கே நாளில் வேலையைக் கற்றுக்கொண்டாள். பத்து நாள் முழிக்க வேண்டியவள் ஒரு மணி நேரம்கூட முழிக்கவில்லை. அவளுக்குத்தான் உதடு படிக்க முன்பே தெரியுமே. எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று ஒரு முறை சொன்னால் போதும், உதட்டை அசைத்து அசைத்துத் தனக்குச் சொல்லிக்கொண்டு பிடித்துக்கொள்வாள். இங்கே யாரும் வந்து, யாருக்கு விடை சொல்கிறாய் என்று கேட்கவில்லை. எல்லோருடைய உதடும்தான் அசைந்துகொண்டிருந்தது.

ஊறவைக்கும் தொட்டிதான் அந்தக் கூடத்தின் தீராத தொல்லை. குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோவார்கள். தண்ணீர் வழிந்து உருளை வரைக்கும் வந்து நிற்கும். விசில்காரர் ஊதி ஊதிக் கன்னம் வீங்குவார். முதல் வாரத்தில் ஒரு காலை, பாப்பு இரண்டு குழாயையும் திறந்து, தொட்டி பக்கத்தில் நின்று, உதட்டை அசைத்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பத்தே முக்காலுக்கு நிரம்பும் என்று விசில்காரரிடம் உதட்டாலேயே சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். பத்தே முக்காலுக்கு விளிம்பைத் தொட்டது. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் இயந்திரங்கள் நின்ற சாப்பாட்டு நேரத்தில் அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“கற்பூர புத்தி, சித்தி, உங்க பொண்ணுக்கு. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஆள் எனக்குக் கிடைச்சதில்ல.”

ரோலர் அக்கா சித்தியின் தோளைத் தட்டினாள். சித்தி டப்பாவைத் திறந்து, திரும்ப மூடினாள்.

அன்று மாலை வீட்டில் துணிக்கு அடியிலிருந்து அந்த விண்ணப்பத்தை எடுத்தாள். பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பாப்புவின் முன்னால் வைத்தாள். பாப்பு அதை வாங்கி, இரண்டாக மடித்து, நான்காக மடித்து, எட்டாக மடித்து, திருப்பிக் கொடுத்தாள்.

“அங்கயும் அதே ஹால்தானே, சித்தி.”

“பழகிக்கலாம்டி. மெதுவா.”

தினமும் ஒரு முறை கேட்டுக்கொண்டே இருந்தாள் சித்தி. தினமும் பாப்பு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மூன்று வாரம் போனது.

தேதி போய் இன்னும் ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் துணி வந்திருந்தது. சித்தி ரத்தம் பட்டதைத் தனியே எறிந்துகொண்டிருந்தாள். எதிரே பாப்பு தொட்டிக்குப் போய் இரண்டு குழாயையும் திறந்தாள். அன்றைக்கு ஒரு குழாய் அடைத்துக்கொண்டு பாதித் தண்ணீர்தான் கொட்டியது; கணக்கு மாறும். சித்தி வழக்கப்படி அவள் உதட்டைப் பார்த்தாள்.

பாப்பு ஒரு குழாயைப் பார்த்தாள். அடைத்துக்கொண்ட குழாயைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்பித் தன் வேலைக்குப் போய்விட்டாள். மருந்தை அளந்து ஊற்றினாள், வண்டியைத் தள்ளினாள், பிழியும் இயந்திரத்தில் துணியை இறக்கினாள். சித்தி துணி பிரிப்பதை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி இருபது நிமிடம் கழித்து, யாரும் ஊதாமலே, பாப்பு கையைத் துடைத்துக்கொண்டு தொட்டிக்கு வந்தாள். தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு குழாயையும் மூடினாள்.

இடையில் ஒரு தடவைகூட அவள் உதடு அசையவில்லை.

சித்தியின் கை தானாக உயர்ந்து பாதியில் நின்றது. பாப்பு நிமிர்ந்து, என்ன சித்தி என்று கேட்பதுபோலப் புருவத்தைத் தூக்கினாள். ஒன்றுமில்லை என்றாள் சித்தி, உதட்டால். குனிந்து அடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.